மலர் பேசறேனுங்க

சிந்துஜா திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கருமத்தம்பட்டியைத் தாண்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவளுடைய குரல் எட்டு மாவட்டங்களில் முந்நூறு பேரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ ஒருவருக்கு வெந்நீர் வரவில்லை. யாரோ ஒருவருக்குக் குழாய் வெடித்துக் கை வெந்துவிட்டது. எல்லோரிடமும் அந்தக் குரல் அலுக்காமல், அவசரப்படாமல், 'மன்னிச்சுக்குங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தது. குரலுக்குச் சொந்தக்காரிக்கோ ஒரே ஒருவரிடம் போய் நான்கு வார்த்தை பேச வேண்டும். அதைக் காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச வேண்டியவர் பெயர் சென்னியப்பன். பனியன் கம்பெனிகளுக்கு ஓவர்லாக் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவர். இன்று மாலை ஐந்து மணிக்குள் அவர் நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் மனைவி எப்படிச் செத்தாள் என்று கம்பெனியைக் கேட்கும் உரிமை இன்றோடு போய்விடும். இது அவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது சிந்துஜாவின் குரல்.

கம்பெனியின் பெயர் வெந்தாரை. கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் செய்கிறார்கள். பெயர் வைத்தவர் யாரோ நன்றாகத் தமிழ் படித்தவர். ஹீட்டர் செய்தவர் என்ன படித்தார் என்பது வழக்கு நடந்தால்தான் தெரியும். கோயம்புத்தூரில் அவர்களுடைய புகார்ப் பிரிவில் சிந்துஜா சேர்ந்து பதினொரு வருஷமாகிறது. முப்பத்திரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து ஃபோனில் திட்டு வாங்கும் அறை அது. மற்றவர்கள் திட்டுக்குப் பதில் சொல்வார்கள். சிந்துஜா சொல்லமாட்டாள். திட்டுகிறவரைத் திட்டி முடிக்க விடுவாள். பிறகு ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்பாள். அதில் அப்படி என்ன இருந்ததோ, எதிர்முனையில் இருப்பவர் "பாவம், நீ என்ன பண்ணுவ" என்று அவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வைப்பார். அவள் நடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எட்டு மாதம் அவளைப் பேச வைத்துப் பதிவு செய்தார்கள். அதிலிருந்து ஓர் எந்திரம் செய்தார்கள். அதற்கு மலர் என்று பெயர் வைத்தார்கள். மலர் வந்த மறு மாதமே முப்பத்தொரு நாற்காலிகள் காலியாயின. சிந்துஜாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வாரா வாரம் சில அழைப்புகளைக் கேட்டு, குரல் மாறாமல் இருக்கிறதா என்று சொல்வது அவள் வேலை. தன் நிழலுக்குத் தானே காவல் என்று தோழிகள் கிண்டல் செய்தார்கள். அவளும் சிரித்தாள்.

எந்திரத்தைச் செய்தவன் நிவேதன். கெட்டவன் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற பையன். ஒருநாள் ஒரு பதிவை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"மேடம், எல்லாக் கால்லயும் 'வெச்சிடட்டுங்களா'ன்னு கேட்டுட்டு வெக்கிறீங்க. இந்த ஒரு கால்ல மட்டும் எதுவும் சொல்லாம கட் பண்ணிட்டீங்களே?"

"அது எழவு விழுந்த வீடு நிவேதன். துக்கம் விசாரிச்சுட்டு வர்றப்ப 'போய்ட்டு வர்றேன்'னு சொல்லக் கூடாது. சொல்லிக்காம எந்திரிச்சு வந்துரோணும். ஃபோன்லயும் அப்படித்தான் எனக்கு வரும்."

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "சூப்பர் மேடம்" என்று உடனே எதையோ தட்டினான். அன்றிலிருந்து சாவு நடந்த வீடுகளில் மலரும் சொல்லிக்கொள்ளாமலே வைத்தது. அன்றைக்கு சிந்துஜாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசியது.

போன வாரம்தான் அவள் 'மீதி நாள்' கட்டத்தைப் பற்றிக் கேட்டாள். அழைப்புப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 'மீதி நாள்' என்று ஓர் எண் இருக்கும். அடுத்த சர்வீஸுக்கு மீதி என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. சென்னியப்பன் பெயருக்கு எதிரில் ஆறு என்று இருந்தது. மனைவி செத்துப்போனவருக்கு எதற்கு சர்வீஸ்?

"அது லிமிடேஷன் மேடம்" என்றான் நிவேதன். "கேஸ் போட ரெண்டு வருஷம் டைம். அதுல எவ்ளோ பாக்கின்னு காட்டும். அதுவரைக்கும் மலர் வாரா வாரம் பேசும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எதுக்கு மேடம்?"

அவனே விளக்கினான். "லேட்டாப் போனாலும் மன்னிக்கச் சொல்லி மனு போடலாம், சட்டத்துல இடம் இருக்கு. ஆனா நூறு தடவ பேசியிருக்கோம், ஒரு தடவகூட ஹீட்டர் மேல அவர் குறை சொல்லலன்னு நம்மகிட்ட ரெக்கார்டிங் இருக்கே."

சிந்துஜா இரண்டு நாள் உட்கார்ந்து அந்த நூறு அழைப்புகளையும் கேட்டாள். கேட்டு முடித்தபோது அந்த மனிதரை அவளுக்குக் கூடப் பிறந்தவர் அளவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. தலைக்குக் குளிக்கப் போன மனைவி பாவாத்தாள் கதவைத் திறக்கவில்லை. ஹீட்டரிலிருந்து வந்த விஷவாயு. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. முந்தின வாரம்தான் கொசு வருகிறதென்று சென்னியப்பன் குளியலறை வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தார். அதை ஒவ்வொரு வாரமும் மலரிடம் சொன்னார். மலர் ஒவ்வொரு வாரமும் சிந்துஜாவின் குரலில், "அதையே நெனச்சு உங்கள வருத்திக்காதீங்கய்யா" என்றது. ஆறுதல்தான். ஆனால் தப்பு உன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டுச் சொல்கிற ஆறுதல். அதை நூறு தடவை கேட்டால் எந்த மனுஷனும் நம்பிவிடுவான்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து அவள் பாண்டியன் நகர் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. முன்னறையிலேயே பட்டறை. பனியனோடு உட்கார்ந்து ஏதோ திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, சென்னியப்பனுங்களா?"

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது. கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"மலரா? அம்மிணி, நீயா?"

அவள் தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. அதற்குள் அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ஃபேனைப் போட்டு, உள்ளே போய் மோர் கலக்கிக்கொண்டு வந்துவிட்டார். டம்ளரை வைக்க இடமில்லாமல், மூலையில் இருந்த பெரிய அட்டைப் பெட்டியின் மேலிருந்த நூல்கண்டுகளை ஒதுக்கினார். பெட்டியின் மேல் வெந்தாரை என்று அச்சடித்திருந்தது. இழப்புக்கு ஈடாகக் கம்பெனி அனுப்பிய புது ஹீட்டர். பிரிக்கவே இல்லை.

"இத்தனை தூரம் வருவீன்னு நெனைக்கலே. திங்கக்கெழம கூப்புட்டப்பக்கூட ஒண்ணும் சொல்லலியே. சோறு ஆக்கட்டுமா? எனக்கு ரசம் நல்லா வரும்னு சொல்லியிருக்கறேன்ல?"

சிந்துஜாவுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்கு இப்படியொரு வரவேற்பு. மோரைக் குடிக்க முடியவில்லை.

"ஐயா, நான் மலர் இல்லீங்க. எம்பேரு சிந்துஜா. மலர்ங்கறது மிஷினுங்க. என்ற குரல எடுத்து அதுக்கு வெச்சிருக்கறாங்க. இத்தன நாளா உங்ககூடப் பேசுனது அதுதானுங்க."

அவர் சிரித்தார். "எந்த மிஷினு? நான் நாப்பது வருஷமா மிஷின்கூடத்தான் இருக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"மொதல் காலோட ஆரம்பத்துல இங்கிலீஷ்ல வேகமா ஒண்ணு சொல்லுமுங்க. அதுல சொல்லியிருப்பாங்க."

"அதுல என்னமோ சொன்னாங்க, ஆரு கேட்டா. இங்க பாரு அம்மிணி, மொத மாசம் எனக்கும் சந்தேகம் வந்துச்சு. ஆனா ஒண்ணு கவனிச்சேன். நீ ஒருநாளும் 'வெச்சிடறேன்'னு சொன்னதில்ல. பேசி முடிச்சதும் சத்தமில்லாம வெச்சிருவே. துக்க வீட்டுல சொல்லிக்கக் கூடாதுங்கற வழக்கம் மிஷினுக்குத் தெரியுமா? நம்ம பக்கத்துப் புள்ளன்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அத அதுக்குச் சொல்லிக் குடுத்ததே நானுங்க."

இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அவர் ஃபோனை எடுத்து, திங்கட்கிழமை வந்த நம்பரை அழுத்தி, சத்தத்தைக் கூட்டிப் பெட்டி மேல் வைத்தார். இரண்டாவது மணியில் எடுத்தது.

"மலர் பேசறேனுங்கய்யா. என்னங்க, நீங்களே கூப்புட்டிருக்கீங்க? ஒடம்பு நல்லாருக்குதுங்களா?"

சிந்துஜா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டே ஃபோனிடம் பேசினார்.

"இப்ப எங்க அம்மிணி இருக்கறே?"

"ஆபீஸ்லதானுங்கய்யா. சாப்டீங்களா?"

"பாவாத்தா செத்ததுக்கு ஆரு காரணம்?"

ஒரு மூச்சு நேரம் அமைதி. சிந்துஜா விடுகிற அதே அமைதி. "அம்மாவ நெனச்சா எனக்கே தாங்கலீங்கய்யா. உங்களுக்கு இப்படி நேர்ந்ததுக்கு மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பு இருக்கட்டும். ஆரு காரணம்னு கேட்டேன்."

"அதையே நெனச்சு உங்கள வருத்திக்காதீங்கய்யா. தெரியாம நடந்துபோச்சு."

"ஆருக்குத் தெரியாம?"

மறுபடியும் அதே அமைதி, அதே அளவு. "மன்னிச்சுக்குங்கய்யா."

அவர் ஃபோனை அணைத்தார். வெளியே ஏதோ கம்பெனி வேன் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. வெட்கம் இருந்தது. ஏமாந்த மனிதர்கள் படுகிற வெட்கம். அதைப் பார்ப்பதற்கு நான்கு அறை வாங்கியிருக்கலாம் என்று சிந்துஜாவுக்குத் தோன்றியது.

"எம்பொண்ணு எங்கிட்டப் பேசி ரெண்டு வருஷமாச்சு" என்றார் தரையைப் பார்த்தபடி. "அட்டை வெச்சு அம்மாவக் கொன்னுட்டேன்னு சொல்லிட்டுப் போனவதான். சொந்தக்காரங்களும் அப்படித்தான் பாக்கறாங்க. நீ ஒருத்திதான் பேசிட்டிருந்தே. அதாவது, அது."

"அட்டையினால இல்லீங்கய்யா. அதச் சொல்லத்தான் வந்தேன். விஷவாயு கூடுச்சுன்னா ஹீட்டரு தானா அணையோணும். சன்னல் அடைச்சிருக்கற வீட்டுக்காகத்தான் அந்த ஏற்பாட்டையே வெச்சிருக்கறது. அந்த வருஷம் செஞ்சதுல அது வேலை செய்யலீங்க. மயக்கம் வருது, தல சுத்துதுன்னு நாப்பது வீட்டுல சொல்லியிருக்கறாங்க. நானே கேட்டிருக்கறேன். குரல் சரியா இருக்குதான்னு பாத்து, 'சரி'ன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். அவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கறது என்ற வேலை இல்லைன்னு இருந்துட்டேன்."

"அப்ப நானில்லியா?"

"நீங்க இல்லீங்க."

அவர் அழவில்லை. எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் சத்தமே இல்லை. சிந்துஜா பயந்து எழுந்து நின்றபோது சட்டை மாட்டிக்கொண்டு, ஒரு மஞ்சள் பையில் காகிதங்களோடு வந்தார். "எங்க போகோணும்?" என்றார்.

ஹீட்டர் ரசீது, ஆஸ்பத்திரிச் சான்று எல்லாவற்றையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றைப் பிரதி எடுத்து, சிந்துஜா சொல்லச் சொல்ல ஒரு டைப்பிங் கடையில் மனுவை அடித்து வாங்கி, ஆட்டோவில் ஏறும்போது மணி மூன்றரை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஒன்றைத் தவிர.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்திருந்தது. எந்திரத்துக்குக் குரல் கொடுத்தவரும் வழக்கில் எதிர்த் தரப்பு ஆவார். ஆபீஸில் அந்தச் சுற்றறிக்கை வந்த அன்று அவள் அதை எடுத்துக்கொண்டு கம்பெனி வக்கீலிடம் ஓடினாள். அவர் சிரித்தார். "வெளிய மலர்னுதானேம்மா தெரியும்? உங்க பேரு யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். நியாயமான பேச்சுதான். அந்த நியாயத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் அவள் இன்று பஸ் ஏறியிருந்தாள். உண்மையைச் சொல்வது, மனுக் கொடுக்க வைப்பது, சத்தமில்லாமல் ஊர் திரும்புவது. அவ்வளவுதான் திட்டம். நல்லவளாகவும் இருக்கலாம், வேலையும் இருக்கும். ஆட்டோவில் சென்னியப்பன் அவள் பக்கம் வெயில் படாமல் படுதாவை இழுத்துவிட்டார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

ஆணையத்தில் மனு வாங்கும் கவுண்டரில் இருந்த அம்மாள் மனுவைப் புரட்டிவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். "இது புதுசு. ஒண்ணாவது எதிர்த் தரப்பு, கம்பெனி. ரெண்டாவது, மிஷின்ல பேசுனது யாரு குரல்னு தெரிஞ்சா எழுதுங்க. தெரியலன்னா கோடு போட்டுருங்க, பரவால்ல. நாலரைக்குள்ள குடுத்துருங்க, கம்ப்யூட்டர மூடிருவாங்க."

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் படிவத்தை மஞ்சள் பை மேல் வைத்துக்கொண்டு, முதல் வரியில் நிதானமாகக் கம்பெனி பெயரை எழுதினார். இரண்டாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றது. ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். பிறகு 'மலர்' என்று எழுதினார்.

"அய்யோ, ஐயா..."

"இருக்கட்டும் அம்மிணி" என்றார் மெதுவாக. "எங்கூடப் பேசுனது மலருதான? பொய்யொண்ணும் எழுதலியே. நீ இத்தன தூரம் வந்து சொன்னதே பெருசு. உனக்கும் புள்ளகுட்டி இருக்குமில்ல."

அவள் அவரிடம் அந்தத் திருத்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் கவுண்டர் அம்மாள் சொன்ன இரண்டு வாக்கியத்திலேயே அவருக்கு முழுசும் விளங்கிவிட்டிருந்தது. நாற்பது வருஷம் மிஷினைத் திறந்து பார்த்தவருக்கு எது எங்கே மாட்டியிருக்கிறது என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

சிந்துஜாவுக்கு ஒரு நொடி எல்லாம் லேசானது போலிருந்தது. உண்மை. அதை மறைக்க முடியாது. அப்பாடா என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த நொடியே அதை அடையாளம் கண்டுகொண்டாள். பதினொரு வருஷம் ஃபோனின் இந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே பேச்சு. பாவம், நீ என்ன பண்ணுவ. திட்ட வேண்டியவர்களே அவளைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போகும் பேச்சு. இதை வாங்கத் தெரிந்த குரலிலிருந்துதான் மலரையே செய்தார்கள். இன்னும் ஒன்றை இவரிடமும் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற வேண்டுமா? அந்த வரியில் மலர் என்று இருந்தால் கம்பெனி வக்கீல் என்ன செய்வார் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்படி யாரும் இல்லை என்று ஒரு காகிதம் கொடுப்பார். அந்த நாற்பது வீடுகளைப் பற்றி வாய் திறக்க ஆளே இருக்காது.

பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினாள். மலரை அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: சிந்துஜா, தகப்பனார் பெயர் அங்கமுத்து, பீளமேடு, கோயம்புத்தூர்.

"எதுக்கு அம்மிணி?" என்றார் அவர்.

"மலர்னு யாரும் இல்லீங்கய்யா."

அவர் அடிக்கப்பட்ட பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் ஃபோனை அணைத்தபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை. மிஷின் என்று தெரிந்த பிறகும் அவருக்குள் எங்கோ ஒரு மலர் மிச்சம் இருந்திருக்கிறாள் போல. இப்போது அவளும் போனாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

நாலே காலுக்குக் கவுண்டர் அம்மாள் முத்திரை குத்தி எண் போட்டார். ரசீதை அவரிடம் கொடுத்துவிட்டு சிந்துஜாவைப் பார்த்தார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்? பொண்ணா?"

"இல்லீங்க. நான் ரெண்டாவது எதிர்த் தரப்பு."

அந்த அம்மாள் கண்ணாடி வழியாக ஒருமுறை, கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார். முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஓர் எதிர்த் தரப்பு மனுதாரரைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்ததில்லையோ என்னவோ. ஆனாலும் அரசாங்க வேலை அரசாங்க வேலைதான். இன்னொரு பிரதியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"அப்ப உங்க காப்பிய இப்பவே வாங்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. தபால் செலவு மிச்சம். விசாரணைத் தேதி நோட்டீஸ்ல வரும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கறது, ஃபோன் பண்ணிக்கறது எல்லாம் வேண்டாம். கேஸுக்கு நல்லதில்ல. அந்தப் பக்கம் போய் உக்காருங்கம்மா. இது மனுதாரர் பெஞ்சு."

சிந்துஜா கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை வாங்கிக்கொண்டு எதிர்ப் பக்கத்துப் பெஞ்சுக்குப் போனாள். சென்னியப்பன் பெஞ்சின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டார். ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு ஃபோனை எடுத்து, எண்களைத் தேடி, ஒன்றில் நிறுத்தினார். நடைபாதைக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்கும் அது கேட்டது.

"சாமி, அப்பன் பேசறேன். வெச்சறாத. ஒண்ணே ஒண்ணு சொல்லோணும்."

அவர் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்காததே நல்லதாகப் போயிற்று. பார்த்திருந்தால், பழக்கதோஷம், சிந்துஜா மன்னிப்புக் கேட்டிருப்பாள்.